பவுன்தாயைக் கூட்டிவரப் புது எஞ்சின் வைத்த கதை

கடுக்காப்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்வது பக்கத்து ஊர்க்காரர்கள்தான். நானும் பக்கத்து ஊர்தான், ஆனால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். உலகத்தில் அப்படிப்பட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்துவிட்டால் அதைவிடக் கஷ்டம்.

அந்த ஊரில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் காசிமாயன், ஜீப் ஓட்டுகிறவன். நடுவுள்ளவன் ஒச்சப்பன், யோசிக்கிறவன். இளையவன் வீரணன், மற்ற இரண்டு பேரும் எதைத் தூக்கினாலும் ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறவன். மூவருக்கும் சேர்த்து ஒரே தங்கச்சி, பவுன்தாய். அந்த வீட்டில் புத்தி கொஞ்சம் அவளுக்குத்தான் போயிருந்தது. அவளையும் மலைக்கு மேலே ஈச்சமலையில் மிளகுத் தோட்டம் வைத்திருந்த குருவய்யாவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

ஈச்சமலைக்கு மண்பாதை. இருபத்திரண்டு கிலோமீட்டர், பதினொரு கொண்டை ஊசி வளைவு. அண்ணன் தம்பிகளுடைய ஜீப்புக்கு வயது நாற்பது. மூன்றாவது வளைவில் இருமும், ஏழாவது வளைவில் நின்று யோசிக்கும், ஒன்பதாவது வளைவில் ஏறி வந்தவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். ஆவணி மாதம் ஒரு நாள் அது இரண்டாவது வளைவிலேயே கறுப்பாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கீழே உருட்டி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த பிறகு எத்தனை தரம் சாவி போட்டாலும் அதற்குச் சம்பந்தமில்லாத விஷயம் மாதிரி இருந்தது.

நின்ற நேரம் சரியில்லை. பவுன்தாய்க்கு அது எட்டாம் மாதம். மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, அவளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர நாள் குறித்திருந்தது. குருவய்யா வீட்டில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு, மூணு அண்ணன் இருந்தும் ஒரு நல்ல வண்டிக்கு வழியில்லை என்று. அதனால் ஆத்தா மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டாள்: வியாழக்கிழமை என் மகள் இந்த வாசலில் நம்ம ஜீப்பிலிருந்துதான் இறங்க வேண்டும்.

போடியில் பட்டறை வைத்திருந்த மைதீன் பாய்தான் அந்தப் பக்கத்து ஜீப்புகளுக்கெல்லாம் வைத்தியர். அவர் அப்போது மகள் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தார். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பழைய எஞ்சினுக்குச் சாமான் கிடைக்காது, இந்தக் காலத்து டீசல் எஞ்சின் ஒன்றை மதுரையில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் வாங்கி மாற்றிவிடலாம், ரெண்டு யானை பலம் இருக்கும், ஆனால் நான் வர நாற்பது நாளாகும் என்றார். வியாழக்கிழமை கணக்கைக் காசிமாயன் சொன்னான்.

"சரி, போன்லயே சொல்றேன். நான் சொல்றதை மட்டும் செய்யிங்க. சொந்தமா ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றார் பாய்.

இதில் ஒச்சப்பனுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

மதுரைக்குப் போனார்கள். கவிழ்ந்துபோன ஒரு வேனிலிருந்து கழற்றிய எஞ்சின் கிடைத்தது, கியர்பாக்ஸோடு. பாய் போனில் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார், புது எஞ்சினுக்கு மூளை தனியாக ஒரு பெட்டியில் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாவிட்டால் வெறும் இரும்பு என்று. கேட்டார்கள். கடைக்காரர் எஞ்சினுக்கும் மூளைக்கும் நடுவே ஓடிய ஒயர்க் கத்தையை ஒரே வெட்டாக வெட்டி, டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

திரும்பி வரும்போது எஞ்சின் லோடு வண்டியின் பின்னால் இருந்தது. மூளை வீரணன் மடியில் இருந்தது. ஆண்டிப்பட்டி தாண்டியதும் அவன் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, மூளை இருக்குன்னா நம்ம பேசுறது இதுக்குக் கேக்குமா?"

"காது இல்லையேடா" என்றான் காசிமாயன்.

ஒச்சப்பன் கொஞ்ச தூரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "காது வெறும் ஓட்டை. கேக்குறது மூளைதான்."

அதற்குப் பிறகு மூவரும் மலையைப் பற்றிப் பேசவில்லை. பதினொரு வளைவு என்று முன்கூட்டியே தெரிந்தால் எந்த மூளை உள்ள எஞ்சினும் வர மாட்டேன் என்றுதான் சொல்லும். ரேஷன் கடைக்குப் போய்வரத்தான் வாங்கியிருக்கிறோம் என்று காசிமாயன் பெட்டிக்குக் கேட்கும்படி இரண்டு தரம் சொன்னான்.

மறுநாள் காலை வேலை ஆரம்பித்தது. முதல் வேலையாக எண்ணெயை எல்லாம் இறக்கிவிடுங்கள் என்றார் பாய். பழைய எஞ்சினுக்குள் இருக்கிற எண்ணெயைச் சொன்னார். மூவரும் வீட்டுக்குள் போய்ப் பரணில் இருந்த கடலை எண்ணெய் டின்னையும், அலமாரியில் இருந்த நல்லெண்ணெய், விளக்கெண்ணெய்த் தூக்குகளையும், உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த வேப்பெண்ணெய்ப் பாட்டில் இரண்டையும் இறக்கித் தரையில் வைத்தார்கள். எவ்வளவு வந்தது என்று பாய் கேட்டார். அஞ்சு தூக்கு, ஒரு டின், ரெண்டு பாட்டில் என்றான் காசிமாயன். இத்தனை எண்ணெய் இருந்தும் எஞ்சின் போய்விட்டதே என்று பாய் ஆச்சரியப்பட்டார்.

பிறகு ரைஸ் மில்லிலிருந்து எடை தூக்குகிற செயின் பிளாக் வாங்கிவந்து, வாசல் வேப்பமரக் கிளையில் கட்டிப் பழைய எஞ்சினைத் தூக்கினார்கள். அது கிளம்பும்போது வீரணன் அடியில் நின்றான். உள்ளே இருந்த கறுப்பு எண்ணெய் அத்தனையும் அவன் தலையில் இறங்கியது. இதுவும் கொஞ்சம் இருந்திருக்கிறது, நாம் கவனிக்கவில்லை என்றான் ஒச்சப்பன். பழைய எஞ்சினை மரத்தடியில் போட்டுவிட்டு, ஜீப்பைக் காலியாகத் தள்ளி ஓரத்தில் நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் பாய் சொன்னதுதான் முக்கியமானது.

"புது எஞ்சினுக்குப் பழைய பவுண்டேசன் ஒத்துக்காது. புதுசாப் போடணும். பழைய எஞ்சின் இருந்த எடத்துலயே போட்டு, அதுல எஞ்சினை உக்காத்துங்க. அவசரப்படாதீங்க, ஒரு மயிரிழை ஆடக் கூடாது."

மெக்கானிக் பாஷையில் பவுண்டேசன் என்றால், எஞ்சினை வண்டிச் சட்டத்தோடு பிடித்து உட்காரவைக்கிற ரப்பர் வைத்த இரும்புக் கால். கடுக்காப்பட்டியில் பவுண்டேசன் என்றால் ஒன்றுதான். பழைய எஞ்சின் இருந்த இடம் எது என்பதிலும் அவர்களுக்குச் சந்தேகமில்லை, அது கண்ணுக்கு முன்னால் மரத்தடியில் கிடந்தது. அதைப் புரட்டி ஓரமாகத் தள்ளிவிட்டுக் கொத்தனார் தங்கமலையைக் கூப்பிட்டார்கள்.

தங்கமலை வந்து பார்த்துவிட்டு, மாவு மில் வைக்கிறீர்களா என்று கேட்டார். ஜீப்புக்கு என்றார்கள். இதுவரை ஜீப்புக்குப் போட்டதில்லை, ஆனால் போடக்கூடாது என்று ஒன்றுமில்லை என்று சொல்லிக் கயிறு பிடித்தார். எந்தத் திசை பார்த்து என்ற கேள்வி வந்தது. மலை மேற்கே இருக்கிறது. மேற்கே பார்த்து வைத்தால் மூளைக்குத் தெரிந்துவிடும் என்று ஒச்சப்பன் எச்சரித்ததால் கிழக்குப் பார்த்துப் போடுவது என்று முடிவாயிற்று. மூன்றடி ஆழம் தோண்டினார்கள். நாலு மூலையிலும் நவதானியம் போட்டு, தேங்காய் உடைத்து, கருங்கல் அடுக்கி, கம்பி கட்டி, தரைக்கு மேலே இடுப்பளவுக்கு ஜல்லிக் கலவை எழுப்பி, போல்ட்டுகளை அதிலேயே புதைத்தார்கள். ஏழு நாள் விடாமல் தண்ணீர் ஊற்றினான் வீரணன். மூன்று பேர் உள்ளங்கையும் சிமெண்டு பட்டு வெந்து தோல் உரிந்தது. அப்படியும் வேலையை நிறுத்தவில்லை. தங்கச்சிக்காகச் செய்வது.

எட்டாம் நாள் எஞ்சினை அதன்மேல் உட்காரவைத்து முடுக்கினார்கள். பாய் போனில் கேட்டார், ஆடுகிறதா என்று. யானை வந்து முட்டினாலும் ஆடாது என்றான் காசிமாயன். அப்படித்தான் இருக்கணும் என்றார் பாய், சந்தோஷமாக. மகள் வீட்டில் அன்றுதான் பேரன் பிறந்திருந்தான். இனிமேல் எஞ்சினையும் வண்டியையும் ஒன்றாகச் சேர்த்து, எல்லாப் போல்ட்டையும் இறுக்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று சொல்லி வைத்தார்.

எஞ்சினைத் தூக்க வழியில்லை, அது பூமியோடு சேர்ந்துவிட்டது. ஒச்சப்பனுக்கு யோசிக்க அனுமதி கிடையாது என்றாலும், இதை யோசித்துத்தான் சொன்னான்: அப்படியானால் வண்டியைத்தான் தூக்க வேண்டும். ஊரில் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். காலி ஜீப்பைத் தலைக்கு மேலே தூக்கி, எஞ்சினுக்கு நேராகக் கொண்டுவந்து, மூடியைப் பாத்திரத்தின்மேல் வைக்கிற மாதிரி மெல்ல இறக்கினார்கள். அளவெடுத்தது போலப் பொருந்தியது. போல்ட்டை முடுக்கியபோது நாலு சக்கரமும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றன. ஒரு கோழி தன் குஞ்சுகளோடு முன்சக்கரத்துக்கு அடியில் தாராளமாக நடந்துபோயிற்று. காட்டுப்பாதையில் போகிற வண்டி உயரமாக இருந்தால்தான் கல் தட்டாது என்று ஊரே பாராட்டியது.

மிச்சம் இருந்தது ஒயர். எஞ்சினிலிருந்து முப்பத்தெட்டு, மூளையிலிருந்து முப்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் பேர் எழுதி ஒட்டிவிட்டுக் கூப்பிடுங்கள் என்றார் பாய். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பேர் வைத்தார்கள். பச்சை ஒயரெல்லாம் அம்மா வழி, சிவப்பெல்லாம் அப்பா வழி, மஞ்சள் எல்லாம் கீழத்தெரு. நாற்பதில் சொந்தக்காரர்கள் தீர்ந்துபோனதால் மீதிக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி வந்தார்கள். ஒரே நிறம் ஒரே நிறத்தோடு சேர வேண்டும், மாற்றிச் சேர்க்காதீர்கள் என்று பாய் சொன்னபோதுதான் மூவருக்கும் முகம் வெளுத்தது.

"இந்தப் பக்கம் பச்சையில மாயக்காள் இருக்கா. அந்தப் பக்கம் பச்சையில அவ கூடப்பிறந்த அண்ணன் சின்னாண்டி" என்றான் ஒச்சப்பன். "இதை எப்படிச் சேக்கிறது?"

"பாய்க்கு நம்ம முறை தெரியாதுல்ல" என்றான் காசிமாயன்.

"தெரியாம சொல்லிட்டாருன்னு செஞ்சிற முடியுமா? நாளைக்கு ஊருக்குள்ள தலை காட்ட வேணாமா?"

அன்று முதல் தடவையாகப் பாய் சொன்னதை மீறினார்கள். பச்சைக்குச் சிவப்பில் மாமன் மகன் பார்த்து, மஞ்சளுக்கு நீலத்தில் அத்தை மகள் பார்த்து, முறை தவறாமல் முப்பத்தெட்டு ஜோடியையும் சேர்த்து முறுக்கினார்கள். வீரணன் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் டேப்பில் மூன்று சுற்றுச் சுற்றினான். சாவியைப் போட்டதும் ஹாரன் தானாக அடித்தது, வைப்பர் ஆடியது, எஞ்சின் மட்டும் எழவில்லை. பாய் போனில், நான் சொன்ன மாதிரிதானே செய்தீர்கள் என்று கேட்டார். காசிமாயன் போனை ஒச்சப்பனிடம் கொடுத்தான், ஒச்சப்பன் வீரணனிடம் கொடுத்தான்.

அது புதன்கிழமை. மறுநாள் பவுன்தாய் பெட்டி கட்டிக் காத்திருப்பாள். காசிமாயன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து உட்கார்ந்துவிட்டான். வீரணன் அழுதான். ஒச்சப்பன் மரத்தடியில் கண்ணை மூடி அரை மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தான்.

"கல்யாணம்னு நெனச்சாத்தான தப்பு. பாகம் பிரிச்ச பங்காளிகளைச் சமாதானம் பண்ணி ஒண்ணு சேக்கிறோம்னு நெனச்சா?"

அதில் ஒரு தப்பும் இல்லை, புண்ணியம்கூட. எல்லாத் தாலியையும் அறுத்துவிட்டுப் பச்சையைப் பச்சையோடும் மஞ்சளை மஞ்சளோடும் சமாதானம் செய்துவைத்தார்கள். பழைய பகையை மறந்துவிடும்படி ஒவ்வொரு ஜோடியிடமும் காசிமாயன் ஒரு வார்த்தை சொன்னான்.

வியாழன் காலை ஆத்தா, போகிறவர்கள் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று அடுத்த ஊர் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பிப் போய்விட்டாள். மற்றவர்கள் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். மூவரும் குளித்து, வேட்டி மாற்றி, வாழைப்பழச் சீப்போடு ஏறி உட்கார்ந்தார்கள். காசிமாயன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் உடனே எழுந்தது. சத்தமே இல்லை, பூனை தூங்குகிற மாதிரி ஒரு முனகல்தான். கியர் போட்டதும் சக்கரங்கள் சுழன்றன. மீட்டர் முள் மெதுவாக எழுந்தது.

"ஆட்டமே இல்லையேண்ணே" என்றான் வீரணன், கம்பியைப் பிடித்தபடி.

"பவுண்டேசன் அப்படி" என்றான் காசிமாயன்.

அவன் நல்ல டிரைவர். அந்தப் பாதை அவனுக்கு மனப்பாடம். நேரத்தைப் பார்த்துக் கியரை மாற்றி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்து, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினான். மூன்றாவது வளைவில் இருமல் இல்லை. ஏழாவதில் யோசனை இல்லை. ஒன்பதாவது வளைவில் வழக்கம்போல இறங்கித் தள்ள வீரணன் ஒரு காலை வெளியே வைத்தான், வேண்டாம் என்று அண்ணன் கை காட்டினான். மூவருக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பாதி வழியில் வீரணனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, நம்ம வேப்பமரம் கூடவே வருதே."

"நிலா வருதுல்ல, அது மாதிரி" என்றான் ஒச்சப்பன். "தூரமாப் போறப்ப பெரிய சாமானெல்லாம் கூட வர்ற மாதிரிதான் தெரியும்."

"வீடும் வருது."

"வீடும் பெருசுதானடா."

மீட்டரில் இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடியதும் காசிமாயன் பிரேக் போட்டு நிறுத்தினான்.

அங்கே ஈச்சமலையில் பவுன்தாய் விடிந்ததிலிருந்து வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணி வரைக்கும் அண்ணன்மார் வரவில்லை. மாமியார் வாயைத் திறப்பதற்குள், எஸ்டேட் டிராக்டர் ஒன்று கீழே இறங்குவதைப் பார்த்துப் புருஷனையும் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். டிராக்டர் அவர்களைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வீங்கின காலோடு நடந்து அவள் வேப்பமரத்தடிக்கு வந்து நின்றபோதுதான் காசிமாயன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

மூவரும் ஜீப்பிலிருந்து குதித்தார்கள்.

"பாரு, வாசல்லயே நிக்கிறா" என்றான் வீரணன்.

"என்னண்ணே, கூட்டிட்டுப் போக வர்றேன்னு சொன்னீங்க?" என்றாள் பவுன்தாய்.

"வந்துட்டோம்ல" என்றான் காசிமாயன்.

அவள் ஜீப்பைப் பார்த்தாள். அந்தரத்தில் நின்ற சக்கரங்களைப் பார்த்தாள். அதற்கு அடியில் இடுப்பளவு எழும்பியிருந்த கல்லுக் கட்டடத்தையும், மூளைப் பெட்டியைச் சுற்றித் தொங்கிய மாமன் மச்சான் பேர்களையும் பார்த்தாள். கடைசியாக அண்ணன்மார் கைகளைப் பார்த்தாள். தோல் உரிந்து, சிவந்து, விரலெல்லாம் ஒயர் கிழித்த கோடு. குருவய்யா எதையோ விளக்க வாயெடுத்தான். அவள் அவன் காலை மிதித்தாள்.

"ஏத்தி விடுங்க. உக்கார எடம் இருந்தாப் போதும்" என்றாள்.

மூன்று பேரும் அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். குருவய்யா பெட்டியோடு பின்னால் ஏறினான். ஈச்சமலை அப்படியே நம்ம ஊர் மாதிரி வளர்ந்துவிட்டது என்று ஒச்சப்பன் அவனைப் பாராட்டினான். கீழே போகிற பாதை முழுக்க இறக்கம், டீசலை எதற்கு வீணாக்க வேண்டும் என்று காசிமாயன் எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டான். பிறகு மிகவும் கவனமாக ஓட்டினான், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள். பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தான். வளைவு வந்தபோதெல்லாம் மெதுவாகத் திருப்பினான். பவுன்தாய் இரண்டாவது வளைவுக்குள் தூங்கிவிட்டாள்.

நடுவில் ஆடு மேய்க்கிற ஒருவன் இருபது ஆட்டோடு ஜீப்பைத் தாண்டிப் போனான். இறக்கத்தில் முந்தக் கூடாது என்று ஒச்சப்பன் அவனைக் கண்டித்தான். குருவய்யா முதலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஐந்தாவது வளைவில் அவன் உடம்பும் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. ஒன்பதாவது வளைவில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மச்சான் கொஞ்சம் மெதுவா என்றான்.

பதினொன்றாவது வளைவு திரும்பி முடிந்தபோது ஆத்தா பொங்கல் பானையோடு தெருவில் வந்துகொண்டிருந்தாள். வாசலில் ஜீப் நிற்பதையும் மகள் அதில் தூங்குவதையும் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஆரத்தி கரைத்து வந்தாள். பவுன்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து வாசலில் இறங்கினாள். பயணம் எப்படியிருந்தது என்று ஆத்தா கேட்டதற்கு, ஒரு குலுக்கல்கூடத் தெரியவில்லை என்றாள். அது உண்மைதான்.

எல்லாரும் உள்ளே போனார்கள். வீரணன் மட்டும் உடனே போகவில்லை. அந்த வாசல் கொஞ்சம் சரிவு, ஹேண்ட் பிரேக்கை நம்பி வண்டியை விட்டுவிட்டுப் போக முடியாது. ஒரு பெரிய கல்லை உருட்டிவந்து பின்சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்தான். கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அரைச் சாண் இடைவெளி இருந்தது. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, இன்னொரு கல் தேடிப் போனான்.